இரண்டாவது பிரேக்

ஊரில் எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவள் கற்றுக்கொடுத்தது கார் ஓட்ட. பத்தொன்பது வருடமாக, ஒரு சின்ன வெள்ளைக் காரின் தலையில் ‘பயிற்சி வண்டி’ என்ற மஞ்சள் பலகையை மாட்டிக்கொண்டு, அதே பதினோரு தெருக்களில் சுற்றிச் சுற்றி, ஊரில் பாதிப் பேரை ஓட்டுநர்களாக்கியிருந்தாள். மீதிப் பாதியில் ஒருவர் அவள் கணவர், தையற்காரர். நான்கு முறை தேர்வுக்குப் போனார், நான்கு முறையும் தோற்று வந்தார். “மெஷின் மிதிக்கவே எனக்கு ரெண்டு காலும் சரியாப் போயிடுது” என்று சொல்லி அந்த ஆசைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டீச்சர் வாயால் அது வெளியே வராது என்பதால் நாமே சொல்லிவிடலாம். இத்தனை வருடத்தில் அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்த நேரத்தையெல்லாம் கூட்டிப்பார்த்தால் ஒரு மாதம் தேறாது. மாணவர்கள் அவள் வீட்டு வாசலில் ஏறி அங்கேயே இறங்குவார்கள். அவள் இடம் பக்கத்து இருக்கை. அங்கே அவள் காலடியில், பயிற்சி வண்டிகளுக்கே உரிய இரண்டாவது பிரேக் ஒன்று இருந்தது. அதன் ரப்பர் தேய்ந்து தேய்ந்து மூன்று முறை மாற்றியாகிவிட்டது. ஓட்டுநர் பக்கத்துப் பிரேக்கின் ரப்பர் மட்டும் கடையிலிருந்து வந்த மேனிக்கு அப்படியே இருந்தது. யாரும் இதைக் கவனித்ததில்லை, அவள் உட்பட.

டிசம்பர் முதல் வாரத்தில் மகள் போன் செய்தாள். மகள் பாலம் கட்டும் என்ஜினியர். ஐந்து வருடத்துக்கு முன்னால் வடக்கே, மலைக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு வேலைக்குப் போனவள்.

“அம்மா, பாலம் முடிஞ்சிருச்சு. ஜனவரி இருபத்திநாலு, காலைல பதினோரு மணிக்குத் திறக்கிறாங்க. முதல் வண்டி யாரோடதுன்னு என்னைத்தான் கேட்டாங்க. நம்ம வண்டின்னு சொல்லிட்டேன்.”

“எந்த வண்டி?”

“நான் ஓட்டப் படிச்ச வண்டிம்மா. நீ ஓட்டிட்டு வா. பதினோரு மணிக்கு நீ இல்லேன்னா நகராட்சித் தலைவர் கார் போயிடும். மனுஷன் இப்பவே காரைக் கழுவ ஆரம்பிச்சுட்டாரு.”

“லாரியில ஏத்தி அனுப்பிடவா?”

“வண்டி மட்டும் வந்தா நான் யாருக்குக் கை ஆட்டுறது?”

வர்றோம் என்று சொல்லிவிட்டு டீச்சர் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் தூரத்தைக் கணக்குப் போட்டாள். ஆயிரத்து நானூற்று அறுபது கிலோமீட்டர். நடுவில் ஒரு சமவெளி, ஒரு ஏரி, ஒரு மலை. எதையும் அவள் பார்த்ததில்லை. அவள் ஊரில் குளிர்காலம் என்றால் மழை; பனியை அவள் நாட்காட்டிப் படத்தில்தான் பார்த்திருந்தாள். ஆனாலும் பெற்ற பெண் முதன்முதலாக வரைந்து கட்டிய பாலத்தில் யாரோ ஒருவரின் பளபளப்பான கார் முந்திக்கொண்டு ஏறுவதை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் தையற்காரர் வேலையில் இறங்கினார். கோட்டுக்கு உள்ளே வைக்கும் சாம்பல் நிறத் துணியில் நீளமாக ஒன்றை வெட்டி, வெட்டும் மேஜையில் விரித்து, சாக்குக்கட்டியால் பாதையை வரைந்தார். ஒரு சாணுக்கு இருநூறு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தார். ஏழு சாணும் கொசுறாகக் கொஞ்சமும் வந்தது.

“அளவு எடுத்தாச்சு. இனி இந்தப் பாதை என்ன மாதிரித் துணின்னு யாராவது சொல்லணும்” என்றார்.

அங்கேதான் டீச்சருக்குப் பொறி தட்டியது. அவளிடம் பத்தொன்பது நோட்டுகள் இருந்தன, வருடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி: பெயர், அவள் வைத்த பட்டப்பெயர், எத்தனை வகுப்பு, கடைசியில் ‘வரும்’ அல்லது ‘வராது’. பட்டப்பெயர்கள் அவரவர் செய்த காரியத்தால் வந்தவை. தபால் பெட்டியை இடித்தவன் தபால்பெட்டி. கியர் கரகரத்தால் அதனிடம் மன்னிப்புக் கேட்டவள் மன்னிப்பு. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் வாயைப் பிளந்தவன் கொட்டாவி. இவர்களில் பலர் பிழைப்பைத் தேடி எங்கெங்கோ போயிருந்தார்கள். யார் எங்கே என்று அவர்களுடைய அப்பா அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்துப் பார்த்தே அவளுக்கு அத்துப்படி.

மேப்பைப் போனில் போட்டால் அதுவே வழி சொல்லுமே என்று தையற்காரரின் தம்பி வந்து மூக்கை நுழைத்தார். “வழி சொல்லும். வழி எப்படி இருக்குன்னு ஜன்னலைத் திறந்து பார்த்துச் சொல்லுமா?” என்று கேட்டு டீச்சர் அவரை அனுப்பிவைத்தாள்.

பிறகு ஒவ்வொருவராக அழைத்தாள். சமவெளியில் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் மன்னிப்பு, பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. “இங்க காத்து பக்கவாட்டுல தள்ளும் டீச்சர். ஒரு பெரிய லாரியைத் தாண்டும்போது காத்து திடீர்னு நின்னுடும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சிருந்தீங்கன்னா லாரி மேலயே போய்ச் சாஞ்சுடுவீங்க. மன்னிச்சுக்கோங்க, உங்களுக்கே சொல்றேன்.” ஏரிக்கரையில் மீன் வண்டி ஓட்டும் கொட்டாவி, காலை பத்து மணிக்கு முன்னால் ஏரிச் சாலையில் ஏறவே கூடாது, மூடுபனியில் தன் கையே தனக்குத் தெரியாது என்றான். கடுங்குளிரில் ராத்திரி வண்டியை நிறுத்தும்போது கை பிரேக்கை இழுத்துவிடாதீர்கள், காலையில் அது உறைந்து இறுகிக்கொள்ளும், கியரில் போட்டு நிறுத்துங்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். டீச்சர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஒருவர் சொல்லி முடித்ததும் தையற்காரர் அந்தச் சாணை ஒரு நிற நூலால் தைத்துவிடுவார். சமவெளிக்கு மஞ்சள், ஏரிக்குப் பச்சை. கடைசிக் கொசுறு மகளுடையது, நீலம்.

ஏழாவது சாண் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அது மலை.

மலையடிவாரத்தில் டயர் கடை வைத்திருந்த தபால்பெட்டியிடம் கேட்டாள். “அடிவாரம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும் டீச்சர். மேல போறது அந்த அக்காவுக்குத்தான் தெரியும். பனி தள்ளுற பெரிய வண்டி ஓட்டுறாங்க. பாதை திறக்கணுமா மூடணுமான்னு அவங்க வாயிலதான் இருக்கு. உங்ககிட்ட படிச்சவங்கன்னு ஒரு தடவை சொன்னாங்களே” என்று பெயரையும் எண்ணையும் கொடுத்தான்.

டீச்சர் எட்டாம் வருட நோட்டைப் புரட்டினாள். பெயர் இருந்தது. அடுத்து அவள் கையெழுத்திலேயே: ‘கண்மூடி. 31 வகுப்பு. வராது.’

எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பெண். முப்பத்தோராவது வகுப்பு முடிந்ததும் வாசலில் நிறுத்தி, “உனக்கு இது வராதும்மா, வேற ஏதாவது பாரு” என்று டீச்சர் அவளை அனுப்பியிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் அப்படி முகத்துக்கு நேரே சொன்னது அவள் ஒருத்தியிடம்தான். அவளிடம் போய் இப்போது எந்த முகத்தோடு வழி கேட்பது? டீச்சர் நோட்டை மூடிவைத்தாள். ஒன்பது நாள் அதைத் தொடவில்லை. தினமும் துணியைக் கடந்து போகும்போது அந்த ஒரு சாண் இடம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தையற்காரர் ஊசியில் சிவப்பு நூலைக் கோத்துத் துணி மேலேயே குத்திவைத்திருந்தார்.

பத்தாம் நாள் ஓட்டிப் பார்ப்போம் என்று இருவரும் வண்டிக்குப் போனார்கள். டீச்சர் பழக்க தோஷத்தில் நேரே போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டாள். தையற்காரர் வெளியே நின்று, “அப்ப நான்தான் ஓட்டணுமா?” என்று கேட்டார். முகம் சிவக்க இறங்கிச் சுற்றி வந்தாள். மூன்றாவது தெருவில் ஒரு பூனை குறுக்கே போனது. அது பாதி தூரம் போவதற்குள் வண்டி முட்டிக்கொண்ட மாதிரி நின்றது. பின்னால் வந்த பால் வண்டி ஒரு முழ இடைவெளியில் நின்று ஹாரன் அடித்துத் தீர்த்தது.

“நான் பிரேக்கே போடலியே” என்றாள் டீச்சர்.

“நான் போடல. என் கால் போட்டுடுச்சு” என்றார் தையற்காரர், இரண்டாவது பிரேக்கிலிருந்து காலை எடுத்தபடி.

அன்று மத்தியானமே அவள் அந்த எண்ணை அழைத்தாள். பயம் மானத்தை விடப் பெரிதாகிவிட்டால் கை தானாகவே போனை எடுத்துவிடுகிறது.

“நான்… டிரைவிங் டீச்சர் பேசுறேன்” என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ பெரிய எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அது அணைந்தது. “சொல்லுங்க டீச்சர்” என்றது குரல்.

பாலம், தேதி, பதினோரு மணி, நகராட்சித் தலைவரின் கார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். குரல் குறுக்கிடாமல் கேட்டது.

“முப்பத்தியொரு வகுப்பு வந்தேன் டீச்சர். உங்க நோட்டு ஒரு நாள் சீட்டுல திறந்து கிடந்துச்சு. கண்மூடி, வராதுன்னு எழுதியிருந்தீங்க. படிச்சேன்.”

“தப்பா எழுதிட்டேம்மா” என்றாள் டீச்சர்.

“தப்பில்ல. அன்னைக்கு எனக்கு வரலதான். ஏன் வரலன்னு இங்க வந்த பிறகுதான் புரிஞ்சது. லாரி வந்தா நான் கண்ணை மூடிக்குவேன். ஏன்னா நீங்க பிரேக் போட்டுடுவீங்கன்னு எனக்குத் தெரியும். முப்பத்தியொரு வகுப்புல நான் ஒரு தடவைகூட பிரேக் போட்டதில்ல. போடுறதுக்கு நீங்க விட்டதில்ல. இங்க முதல் நாள் பக்கத்து சீட்டுல யாருமே இல்ல. கண்ணை மூட வழியில்லாமப் போச்சு.”

டீச்சர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள்.

“சரி, இப்ப உங்க பக்கத்துல யாரு உட்காருவா?” என்று கேட்டது குரல்.

“எங்க வீட்டுக்காரர்.”

“அவர் காலடியில அந்தப் பிரேக் இருக்கா?”

“இருக்கு.”

“கழட்டிடுங்க. பனியில பிரேக்கைத் தொட்டும் தொடாமத்தான் வைக்கணும். ரெண்டு கால் ரெண்டு நினைப்புல மிதிச்சா வண்டி பள்ளத்துலதான் போய் நிக்கும். கழட்டாம வந்தா உங்களை என் பின்னாடி விடமாட்டேன். ஆனா மேல இருக்கிற மஞ்சள் பலகையை மட்டும் எடுத்துடாதீங்க. அதைப் பார்த்தா எவனும் கிட்ட வரமாட்டான்.”

போனை வைத்ததும் டீச்சர் வாசலுக்குப் போய், வண்டிக் கதவைத் திறந்து, குனிந்து இரண்டு பிரேக்குகளையும் பார்த்தாள். ஒன்று தேய்ந்து வழவழவென்று இருந்தது. மற்றதில் புள்ளி புள்ளியாகப் புத்தம் புதிய ரப்பர். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொறுமைசாலி என்று ஊரே மெச்சிய தன் வலது கால், பத்தொன்பது வருடம் அடுத்தவர் வேலையைப் பிடுங்கிச் செய்துகொண்டிருந்திருக்கிறது. நல்ல காலம், பெரும்பாலானோர் அதையும் மீறிக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மெக்கானிக் பத்து நிமிடத்தில் அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். “இது இல்லாம வகுப்பு எப்படி எடுப்பீங்க?” என்றார். “முதல்ல எனக்கு எடுத்துக்கிறேன்” என்றாள் அவள்.

தையற்காரருக்குத்தான் கவலை. “அப்ப நான் பயந்தா எதை மிதிக்கிறது?”

“மெஷினை நினைச்சுக்கோங்க. இப்ப மிதிச்சா கோட்டுத் தையல் கெட்டுப்போயிடும்னு மிதிக்காம இருங்க.”

அன்று சாயங்காலம் சிவப்பு நூல் ஏழாவது சாணில் ஏறியது. மறுநாளிலிருந்து டீச்சர் தினமும் காலையில் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே செங்கல் சூளைக்குப் பக்கத்தில் மழையில் ஊறிக் கிடந்த களிமண் மைதானத்தில் வழுக்கினாள், சுற்றினாள், நின்றாள், மறுபடியும் வழுக்கினாள். சேறு கண்ணாடி வரை தெறித்தது. வழியில் பார்த்தவர்கள் டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றார்கள். அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் முப்பத்தொரு வகுப்பு முடிந்திருந்தது.

ஜனவரி இருபதாம் தேதி காலையில் கிளம்பினார்கள். துணி தையற்காரர் மடியில். சமவெளியில் மன்னிப்பு சொன்னதுபோலவே காற்று தள்ளியது. லாரியைத் தாண்டும்போது டீச்சர் விரல்களைத் தளர்த்தி வைத்திருந்தாள், வண்டி நேர்க்கோட்டில் போனது. ஏரிக்கரை ஊரில் பத்து மணி வரை காத்திருந்தார்கள், மூடுபனி விலகியதும் ஏறினார்கள். பெட்ரோல் போடும் இடங்களில் எல்லோரும் மஞ்சள் பலகையைப் பார்த்துவிட்டு யார் மாணவர் என்று கேட்டார்கள். தையற்காரர் சளைக்காமல் மனைவியைக் கை காட்டினார்.

நான்காம் நாள் அடிவாரத்துக்கு வந்தபோது சாலையில் தடுப்புக் கம்பு இறக்கியிருந்தது. காலையிலிருந்து விடாமல் பனி. நாளை விடிந்ததும்தான் திறப்பார்கள் என்றான் தபால்பெட்டி. நாளை இருபத்திநாலு. தடுப்பிலிருந்து பாலம் நூற்று ஐம்பது கிலோமீட்டர். டீச்சர் சோற்றில் கை வைக்கவில்லை. கூடவே நகராட்சித் தலைவர் காரைத் துடைப்பது வேறு கண்ணுக்குள் வந்து வந்து போனது.

விடிந்தும் விடியாமல், ஆறரை மணிக்கு, ஒரு வீட்டைப் போன்ற மஞ்சள் வண்டி முன்னால் இரும்புத் தகடைத் தாழ்த்திக்கொண்டு வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. டீச்சரின் போன் அடித்தது.

“என் விளக்கை மட்டும் பாருங்க. முப்பது கிலோமீட்டர் வேகம். வழுக்கினா ஒண்ணும் பண்ணாதீங்க. தானா நேராகும்” என்றது குரல்.

தடுப்பு தூக்கப்பட்டது. முதலில் பெரிய வண்டி, அடுத்து பயிற்சி வண்டி, அதற்கும் பின்னால் நாற்பது கார்கள். அத்தனையும் மஞ்சள் பலகையிலிருந்து மரியாதையான தூரத்தில் வந்தன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் வெள்ளை. மூன்றாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் நழுவியது. டீச்சரின் கால் பிரேக்குக்குத் தாவப் பார்த்தது. தையற்காரர் இரண்டு முழங்கால்களையும் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, எதையும் மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். திருமணமான இந்த முப்பது வருடத்தில் அவர் அவளுக்குச் செய்த உதவிகளில் அதுதான் பெரியது. அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தாள், ஸ்டியரிங்கைப் போக வேண்டிய பக்கம் பிடித்தாள். வண்டி யோசித்தது. பிறகு நேரானது.

இன்னும் இரண்டு முறை வழுக்கியது. இரண்டு முறையும் நேரானது. மூன்றாவது முறை டீச்சர் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

உச்சியில் பெரிய வண்டி ஓரம் கட்டியது. கனத்த காலணிகளோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், குளிரில் வெடித்த கன்னங்கள். பக்கத்து ஜன்னல் வழியாகக் குனிந்து முதலில் தையற்காரரின் காலடியைத்தான் பார்த்தாள்.

“கழட்டிட்டீங்க.”

“கழட்டிட்டேன்” என்றாள் டீச்சர்.

“எத்தனை தடவை வழுக்குச்சு?”

“மூணு.”

“கண்ணை மூடினீங்களா?”

“இல்ல.”

அந்தப் பெண் நிமிர்ந்து, கையுறையால் கூரைப் பலகை மேலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் சொன்னாள். “ஒரு வகுப்பு. வரும்.”

டீச்சருக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லை, மணி எட்டரை. அவள் கையை நீட்டினாள். அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு அதைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். பிறகு இறக்கம் தொடங்கியது.

பத்து ஐம்பத்திரண்டுக்கு ஆற்றங்கரை தெரிந்தது. கரை முழுக்க ஆட்கள். பாலத்தின் முனையில் நாடா கட்டியிருந்தது. அதற்கு முன்னால், கண்ணாடி போலத் துடைத்த ஒரு கறுப்பு கார் எஞ்சினை ஓட்டவிட்டு நின்றது. தலையிலிருந்து டயர் வரை சேறும் பனியும் அப்பிய பயிற்சி வண்டி அதன் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கியது. கூட்டம் மஞ்சள் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தது, பிறகு கை தட்டியது. நகராட்சித் தலைவர் கறுப்பு காரை அவரே பின்னுக்கு எடுத்தார்.

மகள் ஓடி வந்தாள். தையற்காரர் இறங்கி, “நீ உட்காரும்மா, உன் பாலம்” என்று இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்து துணியை மடித்துக்கொண்டார். மகள் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். நாடா வெட்டப்பட்டது. டீச்சர் முதல் கியரைப் போட்டாள்.

பாலம் புதுசு, மேலே மெல்லிய பனி. சக்கரம் ஏறியதும் மகளின் கால் தானாகத் தரையில் எதையோ தேடியது.

“அம்மா, இங்க இருந்த பிரேக் எங்க?”

“வீட்ல சமையலறை டிராயர்ல இருக்கு” என்றாள் டீச்சர். “எதுக்கு? நீ கட்டின பாலம், நான் ஓட்டுற வண்டி. கண்ணை மட்டும் திறந்து வச்சுக்கோ.”

மகள் காலை மடித்து உட்கார்ந்தாள். இரண்டு கரையிலும் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஹாரனை நீளமாக அழுத்தினாள், இரண்டாவது கியருக்கு மாற்றினாள், பாலத்தின் நடுவில் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினாள்.